ஆறாவது தளத்தில் திறந்திருக்கும் சாளரங்கள்

ஒரு சாளரத்தில் விழித்திருப்பவரிடம், அவருக்கென இன்னொரு சாளரமும் திறந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நினைவகத்தில் எல்லோரும் கட்டுப்பட்டு நடந்த விதி இது ஒன்றுதான். இதை எவரும் எழுதி வைத்ததில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது உச்சரிக்கப்பட்டதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் மூத்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள், அல்லது டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே புதியவர்களின் தொண்டையிலும் அந்தச் செருமல் குடியேறிவிடும்.

பூங்கோதைக்கும் அப்படித்தான் வந்தது.

கோவை சரவணம்பட்டியில், சத்தி சாலையைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக் கட்டடம் நினைவகம். சாகக் கிடப்பவர்களின் மனத்தை முழுதாகப் பதிவுசெய்து, ஆளுக்கொரு கோப்புறையாக அங்கே வைத்திருந்தார்கள். கோப்புறை மூடியிருக்கும்வரை உள்ளிருப்பவருக்கு உறக்கம். கனவுகூட இல்லாத உறக்கம். இயக்குநர் தன் திரையில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் ஒரு சாளரம் விரியும், அதற்குள் இறந்தவர் கண் விழிப்பார், பேசுவார், சலித்துக்கொள்வார். அதே கோப்புறையை இன்னொரு முறை திறந்தால் இன்னொரு சாளரம் விரியும். அதிலும் அவரே விழிப்பார். இரண்டு பேரில் எவரும் போலி அல்ல; ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவே.

ஓர் இயக்குநரின் கணினியில் ஒன்பது தளங்கள் இருந்தன. டெஸ்க்டாப் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திரை ஒன்றே, விரல் அசைவில் ஒரு தளம் விலகும், அடுத்தது வந்து நிற்கும். முதல் தளம் குடும்பத்தாருக்கானது. அதன் பின்னணியில் நொய்யல் நிறைந்து ஓடும் படம் ஒன்று இருந்தது. நிறைந்த நொய்யலை நேரில் பார்த்தவர் அந்த அலுவலகத்தில் எவரும் இல்லை. அந்தத் தளத்தில் நிகழ்வதெல்லாம் சாளரத்தை மூடும்போது கோப்புறையில் சேமிக்கப்பட்டுவிடும். மனைவி வந்து பேசிவிட்டுப் போனால் அடுத்த முறை கண் விழிக்கும்போது கணவருக்கு அது நினைவிருக்கும். ஆறாவது தளத்திற்குப் படமில்லை, வெறும் சாம்பல் நிறம். அங்கே எதுவும் சேமிக்கப்படாது. சாளரத்தை மூடினால் அதற்குள் நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும்.

ஆறாவது தளத்தை ஊழியர்கள் ‘அழுவாச்சி டெஸ்க்டாப்’ என்றார்கள்.

மருத்துவக் கல்லூரிகளுக்கு அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார்கள். மரணச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று இளம் மருத்துவர்கள் பழக வேண்டும். நடிகர்களை வைத்துப் பழகினால் அது நாடகமாகவே முடிந்தது. ஆகவே இறந்தவர்களை எழுப்பி, அவர்களிடம் செய்தியைச் சொல்லிப் பழகினார்கள். சேமிப்பகக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள், தங்கள் ஆளைச் சில மணி நேரம் ‘மருத்துவப் பயிற்சிக்கு’ விட ஒப்புக்கொண்டால் போதும். என்ன பயிற்சி என்று கேட்டவர்கள் குறைவு.

சேர்ந்த புதிதில் பூங்கோதை மேற்பார்வையாளர் விசாகனிடம் ஒருமுறை கேட்டாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சேவ் ஆகாத வலி வலியே இல்லைங்க, பூங்கோதை. ராத்திரி கெட்ட கனவு வருது, காலைல மறந்துடுது. யாரு மேல கேஸ் போடுவீங்க?”

“கனவு காணறப்ப வலிக்குமில்லைங்களா சார்?”

“அப்ப தூங்கிட்டுத்தானே இருக்கோம்,” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்.

அந்தப் பதிலில் எங்கோ ஓட்டை இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த சாளரத்தைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டிருந்தது. ஓட்டையைத் தேடுவதற்கான ஓய்வை அந்த வேலை எவருக்கும் தந்ததில்லை.

ஆறாவது தளத்தில் அதிகம் கேட்கப்பட்டவர் மயில்சாமி. நூற்பாலை ஒன்றில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் இல்லை. இறந்துவிட்டோம் என்பதை அவர் மறுக்கவில்லை, புலம்பவுமில்லை. ஏதோ வெளியூருக்கு மாற்றலாகி வந்தவர்போலச் சாளரத்திற்குள் இருப்புக்கொண்டார். அவருக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்: வியாழக்கிழமை தோறும் மனைவி ருக்மணி வந்து எதிரே உட்காருவாள். பயிற்சியில் அவரிடம் சொல்லப்பட்டதும் அவளைப் பற்றிய செய்திதான். உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் உங்கள் மனைவி இறந்துவிட்டார்.

பேராசிரியர்கள் அவரை விரும்பியதற்குக் காரணம் இருந்தது. செய்தி கேட்டவுடன் அவர் அழமாட்டார். சரிங்க என்பார். சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். சாப்பிட்டாளா என்று கேட்பார். மருத்துவ மாணவி தன் கடமை முடிந்ததென நினைத்து மூச்சுவிடும் நேரத்தில், உள்ளிருந்து ஏதோ சரிந்து, முகம் மொத்தமும் உடையும். அந்த இடைவெளியைத் தாங்கத் தெரிந்தவரே நல்ல மருத்துவர் என்று ஒரு பேராசிரியர் மாணவர்களுக்கு விளக்கினார். மயில்சாமியின் துயரம் தரமானது என்று நினைவகத்திற்கு நன்றி தெரிவித்துச் செய்தியும் அனுப்பினார். ருக்மணி வந்து போன கையோடு திறந்தால் துயரம் இன்னும் தெளிவாக இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தவர் அவரே. அதன்பின் பயிற்சி வகுப்புகள் வியாழக்கிழமை மாலைக்கு மாற்றப்பட்டன.

பூங்கோதை ஒரு பழக்கம் வைத்திருந்தாள். குடும்பத்தார் வரும் நேரத்திற்கு முன் எல்லாத் தளங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, அந்த ஆளின் சாளரம் எங்கேனும் திறந்திருந்தால் மூடிவிட்டே முதல் தளத்திற்கு வருவாள். அது விதியல்ல. ஒரே மனிதர் ஒரு தளத்தில் அழுதுகொண்டிருக்கையில் இன்னொன்றில் அவரைச் சிரிக்க வைக்க அவளுக்குக் கை வராது, அதனால்தான்.

ஒரு வியாழக்கிழமை கல்லூரியொன்று காலையிலேயே வகுப்பு வைத்து நேரத்தைத் தாண்டிவிட்டது. இதோ முடிந்துவிடும் என்றார்கள், முடியவில்லை. ருக்மணி வந்து பார்வையாளர் அறையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் அவளுக்கு மூச்சிரைத்தது. காக்க வைக்க வேண்டாமென்று பூங்கோதை, ஆறாவதில் சாளரம் திறந்தபடியே இருக்க, முதல் தளத்திற்கு வந்து மயில்சாமியின் கோப்புறையைத் தட்டினாள். எப்போதும்போல் அங்கேயே புதுச் சாளரம் ஒன்று விரியுமென எதிர்பார்த்தாள்.

முந்தைய நாள் மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். கூடவே ஓர் அறிவிப்பும் வந்திருந்தது. எல்லோரையும்போல அவளும் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்தியிருந்தாள். அந்தச் ‘சரி’யில் ஓர் அமைப்பு மாறியிருந்தது: கோப்புறை ஏற்கெனவே எங்கேனும் திறந்திருந்தால், புதிதாகத் திறக்காதே, அது இருக்கும் இடத்திற்கே அழைத்துப் போ.

நொய்யல் விலகியது. சாம்பல் நிறம் வந்து நின்றது. பார்வையாளர் அறையின் திரையும் கூடவே மாறியது.

ருக்மணி பார்த்தது இதுதான். அவள் கணவர் நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, வாயைப் புறங்கையால் அடைத்துக்கொண்டு, ருக்கு ருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பெயரால் அவர் அவளை அழைத்து அவள் கேட்டதே இல்லை. நிமிர்ந்தவர் திரையில் அவள் முகத்தைக் கண்டார். எழுந்தார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தவரின் முகத்தில் இருந்ததற்கு மகிழ்ச்சி என்ற சொல் போதாது. அந்த முகம் திரையை நெருங்குவதற்குள் பூங்கோதை சாளரத்தை மூடிவிட்டாள். முதல் தளத்திற்கு வந்து புதிதாகத் திறந்தாள்.

“வா,” என்றார் புதுச் சாளரத்து மயில்சாமி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு. “பஸ்ஸு லேட்டா?”



அன்று மாலை விசாகனின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ருக்மணி கூச்சலிடுவாள், ஆள் கூட்டிவருவாள், வழக்குப் போடுவாள் என்று விசாகன் எதிர்பார்த்திருக்க வேண்டும். மேசையில் இளநீர் வாங்கி வைத்திருந்தார். பயிற்சி என்னவென்பதை மிக மென்மையாக விளக்கினார். சாளரம் மூடியதும் ஐயாவுக்கு எதுவுமே தெரியாது என்பதை வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்பச் சொன்னார். பூங்கோதை தன் வேலை போய்விட்டதென்றே முடிவுகட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ருக்மணி இளநீரைத் தொடவில்லை. விசாகனைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்காகத்தான் அழுதாருங்களா?”

“ஆமாங்கம்மா.”

“வேற யாருக்காகவும் இல்லையே?”

“உங்களுக்காக மட்டுந்தாங்க.”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு, கடையில் இன்னொரு நிறத்தில் இருக்கிறதா என்று கேட்பவளின் தயக்கத்தோடு சொன்னாள்: “இன்னொருக்கா காட்டுவீங்களா?”

விசாகனின் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. அது வடிந்த இடத்தில் மெல்ல ஒரு கணக்கு எழுவதைப் பூங்கோதை பார்த்தாள்.

அடுத்த வாரமே பார்வையாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையை இருட்டாக்கி, ஒருபக்கத் திரை ஒன்றை மாட்டினார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். சாளரத்திற்குள் இருப்பவருக்குத் தெரியாது. அவளுக்காக ஒரு வகுப்பு காலைக்கு மாறியது; ருக்மணி வியாழன் காலையிலேயே வந்தாள். முதலில் இருட்டறையில் அமர்ந்து ஆறாவது தளத்தைப் பார்த்தாள். முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு, அடுத்த அறைக்கு வந்து முதல் தளத்து மயில்சாமியிடம் கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றிப் பேசினாள். அவர் ம் கொட்டினார்.

வாரங்கள் போகப்போக அவளுடைய ரசனை கூர்மையடைந்தது. துயரத்திலும் நல்லது கெட்டது பிரித்தறிய ஆரம்பித்தாள். ஒரு மாணவி செய்தியைப் போட்டு உடைத்துவிட்டாளென்று குறைப்பட்டாள். இன்னொருவன் இழுத்து இழுத்துச் சொன்னதில் அவர் முன்பே ஊகித்துவிட்டார் என்று வருத்தப்பட்டாள். கடைசி மூச்சில் உங்கள் பெயரைச் சொன்னார் என்று அவரிடம் சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். அன்று அவர் தலையைச் சுவரில் மோதிக்கொண்டார்; பேராசிரியர் அதைப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். இருட்டறையை விட்டு வெளியே வந்த ருக்மணியின் முகத்தில், மணமான புதிதில் இருந்திருக்கக்கூடிய ஒரு வெட்கம் இருந்தது.

பூங்கோதை அவளை வெறுக்க முயன்றாள், முடியவில்லை. ஒருநாள் நடைபாதையில் வழிமறித்து, அம்மா, அவருக்கு வலிக்குதுங்க என்று மட்டும் சொன்னாள்.

ருக்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அம்மிணி, உனக்குக் கல்யாணமாயிருச்சா?”

“இல்லைங்க.”

“நாப்பது வருசம் அந்த மனுசங்கூட இருந்தேன். கொழந்தை தங்காமப் போச்சு, மூணு தடவை. மூணு தடவையும் ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து வாட்சுல மணி பாத்துட்டு இருந்தாரு. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு. எனக்கும் வலிச்சுது கண்ணு. நான் சேவ் பண்ணாம மூட முடிஞ்சுதா?”

பூங்கோதை வழியை விட்டு விலகி நின்றாள்.

“அங்க எனக்காக அழுகறாரே, அது பொய்யா?”

“பொய்யில்லைங்க.”

“அப்ப விடு,” என்று சொல்லிவிட்டு ருக்மணி நடந்தாள். நான்கு எட்டு போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்: “உசுரோட இருக்கறவளுக்கு ம் கொட்டறாரு. செத்தவளுக்குத்தான் ருக்குன்னு பேரு.”

அவளுக்குப் பொறாமை என்பது அப்போதுதான் பூங்கோதைக்குப் புரிந்தது. ஆறாவது தளத்தில் வாரந்தோறும் இறந்துபோகும் இன்னொரு ருக்மணியின் மேல் பொறாமை. அந்த ருக்மணிக்குக் கிடைப்பதைத் தானும் அருகிலிருந்து பார்த்துவிட வேண்டுமென்ற பசி. பசியில் இரக்கத்திற்கு இடம் வைக்க எவராலும் முடிந்ததில்லை. ஆனால் அந்தப் பசிக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தது தன் விரல் என்பதும் கூடவே புரிந்தது. அந்தப் புரிதலை வைத்துக்கொண்டு அவள் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வியாழனும் திறந்தாள், மூடினாள்.

பிறகு ருக்மணி கடைசி வேண்டுகோளோடு வந்தாள். அழுகை பழகிப்போய்விட்டது என்றாள். எப்போதும் நான் வந்து நன்றாகப் பேசிவிட்டுப் போன நினைவோடு அவர் இருக்கும்போதுதானே செய்தியைச் சொல்கிறீர்கள். அவர் கொஞ்சம் தவித்திருக்க வேண்டும், அதன்பின் சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றாள். அவளே வழியும் சொன்னாள். ஒரு வியாழன் அவள் முதல் தளத்திற்கு வரமாட்டாள். அவரைத் திறந்து, அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க விடுவது. அது முதல் தளம், ஆகவே தவிப்பு அவருக்குள் சேமிக்கப்பட்டுவிடும். அதன்மேல் ஆறாவதில் திறந்து செய்தியைச் சொல்வது.

விசாகன் அதைக் குறித்துக்கொண்டார். பின் பேராசிரியரோடு கலந்து பேசினார். அவருக்கு மிகுந்த ஆர்வம் என்று பூங்கோதையிடம் தெரிவித்தார். அவளுடைய வேலை எளிது. மயில்சாமி எதைக் கேட்டாலும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

“சப்போஸ் எங்கயாவது சொதப்பிட்டீங்கன்னா பயப்பட வேணாம்,” என்றார். “அந்த ஹவரை மட்டும் டிஸ்கார்டு குடுத்துருங்க. மூடறதுக்குள்ள குடுத்தாப் போதும், அவருக்குள்ள ஏறாது. மூடிட்டீங்கன்னா ஏறிடும். அப்புறம் எந்த டெஸ்க்டாப்புல தொறந்தாலும் அது தெரிஞ்ச மயில்சாமிதான் வருவாரு.”

அதில் என்ன பணயம் இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. உண்மை தெரிந்த மயில்சாமியால் யாருக்கும் பயனில்லை. பயனில்லாத கோப்புறையைக் கட்டணமில்லாமல் வைத்திருக்க முடியாது. அழித்துவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் மிரட்டல் இல்லை. மழை வரும் என்று சொல்பவரின் குரல்தான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை ருக்மணி புதுச் சேலையில் வந்து இருட்டறையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் விசாகன். வேறு மூன்று கல்லூரிகளின் வகுப்புகள் ஆறாவது தளத்தில் மயில்சாமியை வைத்தே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன; அவற்றை மூடக்கூடாது என்று விசாகன் சொல்லியிருந்தார். பூங்கோதை முதல் தளத்தில் மயில்சாமியைத் திறந்தாள். மாறிப்போன அமைப்பை அவள் என்றோ பழையபடி மாற்றிவிட்டிருந்தாள். சாளரம் இங்கேயே விரிந்தது.

அவர் கண் விழித்தார். எதிரே காலி நாற்காலியைப் பார்த்தார். வருவாள் என்று தானே சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து, பஸ் ஏதும் ஸ்ட்ரைக்கா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் பூங்கோதை. இன்னும் சற்றுப் பொறுத்து, மழையா என்றார். தெரியவில்லை. அவர் சிரித்தார், உங்களுக்கு என்னதான் தெரியும் அம்மிணி என்றார். அதன்பின் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை, பதிவின்போது கழற்றியிருந்தார்கள். ஆனாலும் பார்த்தார், மறுபடி பார்த்தார். அவருக்குப் பயம் வரும்போது செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதைப் பூங்கோதை கண்டுகொண்டாள். மூன்று முறை ஆஸ்பத்திரியில் அவர் மணி பார்த்ததும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது தெரிகிறதா என்று தெரியவில்லை. ஒருபக்கத் திரையில் முகம் நன்றாகத் தெரியும். கைகள் சட்டத்திற்கு வெளியே போய்விடும்.

“அம்மிணி,” என்றார் அவர். “எனக்கு இங்க வேற ஆளு இல்லீங்க. அவளுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கறீங்களா? உடம்புக்கு ஏதாச்சுமோன்னு இருக்குது. நெசத்தைச் சொல்லுங்க, தாங்கிக்குவேன்.”

காதில் விசாகனின் குரல் கேட்டது. தெரியலைன்னு சொல்லுங்க, பூங்கோதை. பிரமாதமா வந்துட்டிருக்கு. அம்மா கண்ணெடுக்காமப் பாக்கறாங்க.

பூங்கோதை வாயைத் திறந்தாள். அவளுக்கும் அந்தச் செருமல் வந்தது. செருமி முடித்துத் ‘தெரியலை’ என்ற சொல்லை நாக்கில் எடுத்துக்கொண்டவள், அதைச் சொன்னால் அடுத்த நிமிடம் எந்தத் தளத்திற்கு நகர வேண்டும், எந்தச் சாளரத்தைத் திறக்க வேண்டும் என்பதை விரல்கள் தாமாகவே ஒத்திகை பார்ப்பதைக் கவனித்தாள். சொன்னால் இந்த மனிதர் இருப்பார், வியாழன்தோறும் உடைவார். சொல்லாவிட்டால் இவர் இல்லாமலே போய்விடுவார். இரண்டில் எது கொடுமை என்று கேட்கப்பட வேண்டிய ஒரே ஆள், எதிரே வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் எவரும் கேட்டதில்லை.

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதிலிருந்து விசாகனின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது: டிஸ்கார்டு, பூங்கோதை, டிஸ்கார்டு. பக்கத்து இருக்கைகளில் இருந்த இயக்குநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். சுவருக்கு அப்பால் நாற்காலி ஒன்று பின்னுக்கு நகர்ந்து விழும் சத்தம் கேட்டது.

பூங்கோதை எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“ஐயா, அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்து ரூம்பு இருட்டுல உக்காந்து, நீங்க தவிக்கறதைத்தான் பாத்துட்டு இருக்காங்க. நீங்க இங்க மட்டும் இல்லீங்க. ஆறாவது டெஸ்க்டாப்புல இன்னும் மூணு விண்டோவுல நீங்க முழிச்சிருக்கீங்க. அம்மா செத்துப் போயிட்டாங்கன்னு மூணுலயும் இப்பத்தான் சொல்லியிருக்காங்க. மூணுலயும் அதை நீங்க நம்பிட்டீங்க. இதுல என்ன செய்யறதுன்னு நீங்கதாங்க சொல்லோணும்.”